தாடையைத் தொடும் முன் வாயைப் பார்க்க வேண்டும்

அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கி ஏறும் வீதியில் அமைந்த, கேகாலை மாவட்டத்து யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்துள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில், காதுக்கு முன்னால் குத்தும் வலியும் கொட்டாவி விடும்போது ‘டக்’கெனக் கேட்கும் ஒலியும் பெரும்பாலும் பல்வலிக் கணக்கிலேயே சேர்ந்துவிடுகின்றன. கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுக்கும் காணொளிகள் கைபேசிகளில் பரவிய பிறகு, முதுகெலும்பையும் மூட்டுகளையும் மருந்தும் அறுவையும் இன்றிக் கைகளால் அழுத்தியும் அசைத்தும் சீராக்க முயலும் கைரோபிராக்டிக் சிகிச்சை, தாடை வலிக்கும் தீர்வாகப் பேசப்படுகிறது. அச்சிகிச்சை பலிக்குமா என்பதைவிட, எந்த வாய்க்குப் பலிக்கும் என்பதே கேகாலை மாவட்டத்தில் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

கீழ்த்தாடை எலும்பின் உருண்டை முனை, காதுக்குச் சற்று முன்னால் மண்டையோட்டின் குழிவில் பொருந்துமிடமே தாடை மூட்டு ஆகும். இரண்டுக்கும் இடையில் நார்த்திசுவாலான மெல்லிய தட்டு ஒன்று கிடக்கிறது. வாய் திறக்கையில் இம்முனை முதலில் சுழன்று, பின்னர் தட்டோடு சேர்ந்து முன்னோக்கி வழுக்குகிறது. தட்டு இடம் நழுவினால் ஒலி எழும். மெல்லுந்தசைகள் ஓய்வின்றி இறுகினால் வலி பிறக்கும். கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் கூடுவதால், கழுத்து நோவு தாடையில் உணரப்படுவதும் உண்டு. கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தலைக்கயிற்றில் தாங்கி மலையேறும் பெண்களின் கழுத்தை எண்ணிப் பார்த்தால், கழுத்தையும் தாடையையும் ஒன்றாகக் கவனிக்கும் சிகிச்சைமுறை இங்கே எளிதில் ஈர்ப்புப் பெறுவதில் வியப்பில்லை.

கைரோபிராக்டிக் 1895 இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் தோன்றியது எனினும், தாடையைக் கையால் சீர்செய்வது அதைவிட மிகப் பழையது. விலகிய தாடை மூட்டுக்கு ஒத்தடமிட்டு, உரிய இடத்தில் இருத்திக் கட்டுப்போடும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை கூறுகிறது. 2023 இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் வெளியான சர்வதேச வழிகாட்டி, நாட்பட்ட தாடை வலிக்கு மேற்பார்வையுடன் செய்யும் தாடைப் பயிற்சியையும் மூட்டை மெல்ல அசைத்துக் கொடுப்பதையும் உறுதியாகவும், சடுதியான கைவிசைச் சிகிச்சையை நிபந்தனையோடும் பரிந்துரைத்தது. ஆகவே கைச்சிகிச்சையாளரின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கழுத்தை வேகமாகத் திருப்புவது அரிதாக இரத்தக் குழாயைக் கிழித்துப் பக்கவாதம் வரை கொண்டுசெல்லலாம் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்த வழிகாட்டி மனதிற்கொண்ட நோயாளிகளில் பெரும்பாலோர் பாக்கு மெல்லாதவர்கள். கேகாலையோ கமுகு செழிக்கும் மாவட்டம். பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்கும் மலைக்கும் இடையிலான நீண்ட நாளில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் பசியையும் களைப்பையும் அடக்கும் மலிவான துணையாகின்றன. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் வேதிப்பொருள் கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருகச் செய்ய, பாக்கிலுள்ள செம்பு அந்நாரை மேலும் இறுக்குகிறது. 1952 இல் கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோயை மருத்துவர்கள் ஓரல் சப்மியூகஸ் பைப்ரோசிஸ் என்பர். வாய் மெல்ல மெல்லத் திறக்க மறுக்கும். நோயாளி தாடை பிடித்துக்கொண்டது என்பார். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இத்தகைய 66 பேரைத் தொடர்ந்து கவனித்து 1985 இல் வெளியான ஆய்வில் ஐவருக்கு, அதாவது 7.6 வீதத்தினருக்கு, வாய்ப்புற்று உண்டாகியிருந்தது. புகையிலை கலவாத பாக்கே புற்று விளைவிக்கும் என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றே முன்னணிப் புற்றாக நீடிக்கிறது.

மூட்டுக் கோளாறையும் இந்த நார் இறுக்க நோயையும் பிரித்தறிவதற்குப் பெருங்கருவி வேண்டியதில்லை. மூட்டுக் கோளாறில் வலியும் ஒலியும் காதுக்கு முன்னால் இருக்கும், மெல்லும்போது கூடும். நார் இறுக்கத்திலோ மூட்டு பெரிதாக வலிக்காது, மிளகாய்க் காரம் பட்டதும் வாய் எரியும், உட்கன்னம் வெளிறியிருக்கும், விரலால் தடவினால் கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்படும். நோயாளியின் சொந்த விரல்கள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக, முன்பற்களுக்கிடையே நுழையாவிட்டால் பல் வைத்தியரிடம் வாயைக் காட்டுவதே முதல் வேலையாக வேண்டும். ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ காணப்பட்டால் அதற்குத் தாமதமே கூடாது.

நார் இறுக்கத்துக்குப் பாக்கை நிறுத்துவதும் வாய் திறக்கும் பயிற்சியுமே சிகிச்சையின் அடித்தளம். எனினும் இறுகிய நார் பெரும்பாலும் பழைய மென்மைக்குத் திரும்புவதில்லை. இதனால்தான் கைச்சிகிச்சையின் சிறு வெற்றியே இங்கு ஆபத்தாகிறது: தசையை நீவி இழுத்துவிட்டால் வாய் சில மில்லிமீற்றர் கூடுதலாகத் திறக்கலாம், அதைக் குணமென எடுத்துக்கொள்பவர் வெற்றிலைப் பையையும் விடமாட்டார், பல் வைத்தியரிடமும் போகமாட்டார்.