சூப்பர்மேன் (1978 திரைப்படம்)

சூப்பர்மேன் என்பது 1978 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான மீநாயகன் திரைப்படம் ஆகும். ரிச்சர்ட் டோனர் இயக்கிய இப்படத்தில் கிறிஸ்டோபர் ரீவ், மார்லன் பிராண்டோ, ஜீன் ஹேக்மன், மார்கோ கிடர் ஆகியோர் நடித்துள்ளனர். ஜான் வில்லியம்ஸ் இசையமைத்தார். டிசி காமிக்சின் வரைகதை நாயகன் எங்கிருந்து வந்தான், எப்படி உருவானான் என்பதே படத்தின் கரு.

கதை

அழியவிருக்கும் கிரிப்டான் கோளின் அறிவியலாளர் ஜோர்-எல், தன் கைக்குழந்தையை விண்கலத்தில் ஏற்றிப் பூமிக்கு அனுப்புகிறார். ஸ்மால்வில் என்னும் சிற்றூரில் பிள்ளையில்லாத கென்ட் தம்பதியர் அதைக் கண்டெடுத்து, கிளார்க் என்று பெயரிட்டு வளர்க்கின்றனர். வளர்ப்புத் தந்தை மாரடைப்பால் இறக்கும்போது, இவ்வளவு ஆற்றல் இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று கிளார்க் கலங்குகிறான். இறுதியில் லோயிஸ் லேன் இறந்ததும், மனித வரலாற்றில் தலையிடக் கூடாது என்ற ஜோர்-எல்லின் கட்டளையை மீறிக் காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறான். அறிவியல்படி அக்காட்சி நிற்காது. ஆனால் முன்பு பட்ட துயரை நினைத்தால் அவன் செயல் புரிகிறது.

பறக்கும் காட்சிகள்

கணினி வரைகலை வளராத காலம் அது. கம்பியில் தொங்கவிடுவதோடு, சோரன் பெரிசிச் உருவாக்கிய முன்புற ஒளிவீச்சு முறையும் பயன்பட்டது. இதில் படப்பிடிப்புக் கருவியிலும் ஒளிவீச்சுக் கருவியிலும் உள்ள ஜூம் லென்சுகள் ஒரே நேரத்தில் இயங்கும். அதனால் பின்னணி அளவு மாறாமல் இருக்க, நடிகர் மட்டும் நெருங்கி வருவதாகவும் விலகிச் செல்வதாகவும் தோன்றும். சிறப்புக் காட்சிகளுக்காக இப்படம் சிறப்புச் சாதனை ஆஸ்கர் விருது பெற்றது.

படைப்பாளிகளின் உரிமை

சூப்பர்மேனைப் படைத்தவர்கள் எழுத்தாளர் ஜெர்ரி சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் ஆவர். 1938 இல் வெறும் 130 டாலருக்கு அவர்கள் அந்த உரிமையை விற்றுவிட்டனர். பின்னர் தொடுத்த வழக்குகளும் கைகொடுக்கவில்லை. முதுமையில் வறுமையோடு, ஷஸ்டருக்குக் கண்பார்வையும் மங்கியிருந்தது. இப்படம் தயாராகும் செய்தி வெளியானதும் சீகல் 1975 இல் தம் நிலையைப் பொதுவெளியில் எடுத்துரைத்தார். வரைகதை ஓவியர்கள் பலரும் துணைநின்றனர். அவ்வாண்டின் இறுதியில் வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்குத் தலா 20,000 டாலர் ஓய்வூதியம் வழங்கவும், படைப்பாளிகளாக அவர்கள் பெயரைக் குறிப்பிடவும் இசைந்தது. சில நிமிடங்களே திரையில் தோன்றிய பிராண்டோவின் ஊதியம் 37 லட்சம் டாலர் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். படத்தின் தொடக்க எழுத்துகளில் சீகல், ஷஸ்டர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெற்றன.