தலைநகரில் இரு நாள்கள்

தில்லிக்குச் சென்று திரும்பிய மாணவர் சிலரிடம், "என்ன கண்டீர்கள்?" என்று ஒருமுறை கேட்டேன். ஒரே நாளில் பன்னிரண்டு இடங்களைச் சுற்றிக் காட்டும் பேருந்தில் அவர்கள் சென்றிருந்தனர். இடங்களின் பெயர்களை ஒப்பித்தனர், நிழற்படங்களைக் காட்டினர். செங்கோட்டையை எழுப்பியவர் யார், குதுப் மினாருக்கும் அதற்கும் எத்தனை நூற்றாண்டு இடைவெளி என்று வினவியபோது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். பிழை அவர்களுடையதன்று. அப்பயணத் திட்டத்தை வகுத்துக் கொடுத்தவன் நானே.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். வார இறுதியின் இரு நாள்களில் தில்லி முழுவதையும் காண இயலாது. ஆனால் தில்லி இன்னதென்று உணர இயலும். அதற்கு எதைக் காண்பது என்பதைவிட எதை விடுவது என்று முடிவு செய்வதே முதற்பணி.

காலமும் கிழமையும்

மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டும். நவம்பரில் காற்று மாசும், டிசம்பர், ஜனவரியில் மூடுபனியும் வருத்தும். பிப்ரவரியும் மார்ச்சின் முற்பகுதியுமே இதமானவை. சாந்தினி சௌக்கின் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறன்று அடைத்திருக்கும். திங்களன்று செங்கோட்டைக்கு விடுமுறை. ஆகவே பழைய தில்லியைச் சனிக்கிழமையும், தென்தில்லியை ஞாயிற்றுக்கிழமையும் காண்பதே தக்க வரிசை.

முதல் நாள்: ஷாஜகானாபாத்

ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றிய ஷாஜகான் அமைத்த நகரம் இது. 1648இல் நிறைவுற்ற செங்கோட்டையில் காலையிலேயே நுழைதல் நன்று. உள்ளே பளிங்கு மண்டபங்களுக்கிடையே பெரிய பாசறைக் கட்டடங்கள் நிற்பதைக் கண்டு சிலர் மயங்குவர். 1857 எழுச்சியை அடக்கிய ஆங்கிலேயர், அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துவிட்டுக் கட்டியவை அவை. இதை அறிந்து சென்றால், வெறும் புல்வெளியும் வரலாறு பேசும்.

கோட்டைக்கு எதிரே தொடங்குவது சாந்தினி சௌக். இக்கடைவீதியை அமைத்தவர் ஷாஜகானின் மகள் ஜகனாரா. அன்று அதன் நடுவே கால்வாய் ஓடியது. சமணர் கோயில், சிவன் கோயில், சீக்கியர் குருத்துவாரா, கிறித்தவ ஆலயம், பதேபுரி மசூதி ஆகிய அனைத்தும் இந்த ஒரே வீதியில் உள்ளன. இதை நடந்தே காண வேண்டும். மூத்தோர் சைக்கிள் ரிக்‌ஷாவை நாடலாம். பல்லிமாரான் பகுதியின் காசிம் ஜான் சந்தில் உருதுக் கவிஞர் காலிப் வாழ்ந்த வீடு நினைவகமாக உள்ளது. காரி பாவ்லியின் மசாலா மண்டிகளில் மிளகாய் நெடி தும்மலை வரவழைக்கும்.

மாலையில், 1656இல் நிறைவுற்ற ஜாமிஆ மசூதி. தொழுகை நேரங்களில் சுற்றிப் பார்க்க வருவோருக்கு அனுமதியில்லை; நேரம் அறிந்து செல்க. இரவு உணவுக்கு அருகிலேயே நிஹாரியும் கபாபும் கிடைக்கும்.

இரண்டாம் நாள்: குதுபும் நிஜாமுத்தீனும்

சாந்தினி சௌக்கில் மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறினால், வண்டி மாறாமலே குதுப் மினார் நிலையத்தில் இறங்கலாம். 72.5 மீட்டர் உயரமுள்ள இக்கோபுரத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் குத்புத்தீன் ஐபக் தொடங்கினார். மேல்நிலைகளை எழுப்பியவர் இல்துத்மிஷ். அருகில் நிற்கும் இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுப் பழமையுடையது. இரும்பில் கலந்துள்ள பாஸ்பரஸ், மேற்பரப்பில் காப்புப் படலம் உருவாகத் துணைசெய்வதால் அது துருப்பிடித்து அழியவில்லை.

நண்பகலில் லோதித் தோட்டத்து நிழலில் இளைப்பாறி, பிற்பகலில் உமாயூன் கல்லறைக்குச் செல்க. கணவருக்காக ஹமீதா அல்லர், பேகா பேகம் எழுப்பிய மாளிகை இது, தாஜ்மகாலுக்கு முன்னோடி. முகலாயரின் கடைசி மன்னர் பகதூர்ஷா ஜஃபர் 1857இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இங்கேதான்.

எதிர்ப்புறம் சற்று நடந்தால் நிஜாமுத்தீன் பகுதி. 1325இல் மறைந்த நிஜாமுத்தீன் அவுலியாவும், அவர்தம் மாணவர் அமீர் குஸ்ரோவும் இங்கு அடங்கியுள்ளனர். முதல் நாள் கண்ட கடைவீதியை அமைத்த ஜகனாராவின் கல்லறை இங்கேதான், கூரையின்றி வானம் பார்த்துக் கிடக்கிறது. முதல் நாள் வீட்டில் கண்ட காலிபும் அருகிலேயே உறங்குகிறார். அரசர் மகளும் கடனில் உழன்ற கவிஞரும் ஒரே மண்ணில் அடங்கியிருப்பதை அந்தி வேளையில் காணும்போது, இரு நாள் பயணம் ஒரு முழுமை பெறும்.

குடியரசுத் தலைவர் மாளிகையும் அருங்காட்சியகங்களும் விடுபட்டனவே என வருந்தற்க. அவை அடுத்த பயணத்திற்கு ஆகட்டும். புறப்படுமுன் வரலாற்று நூலொன்றைப் படியுங்கள். திரும்பியதும் கண்டதைத் தமிழில் எழுதுங்கள். என் அடுத்த மாணவர்களுக்கு நான் வகுத்துத் தந்த திட்டம் இதுவே. இம்முறை அவர்கள் பேசினர்; நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.