நாளைய சேவையை இன்றே கணிக்கலாம்!

"இப்போது வாங்கும் சாப்ட்வேர் நிலைக்குமா, சார்?" கள்ளக்குறிச்சியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்பது இது. ஜோசியம் தேவையில்லை, 'ட்ரிஸ்' என்று ஒரு முறை உண்டு. சோவியத் நாட்டின் கென்ரிக் ஆல்ட்ஷுல்லர் 1946ல் தொடங்கி, ஆயிரக்கணக்கான காப்புரிமைகளை அலசி உருவாக்கியது. இரண்டு விதிகளை மட்டும் பார்ப்போம்.

1. பயன் தங்கும், கருவி மறையும்

எஸ்.டி.டி. பூத்துகள் மறைந்தன, வெளியூருக்குப் பேசுவது நிற்கவில்லை.

2. முரண்பாடு உள்ள இடத்தில் மாற்றம் பிறக்கும்

கல்வராயன் மலையில் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. மேடு பள்ளம் சிக்னலை மறைக்கிறது. டவர்கள் நிறைய வேண்டும், செலவோ கட்டுப்படியாகாது. சான்றிதழும் உதவித்தொகையும் ஆன்லைன் ஆகிவிட்டதால், சிக்னல் இல்லாத ஊர்க்காரர் அதற்காகவே ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்க வேண்டியிருக்கிறது.

இங்கே ட்ரிஸ் கேட்பது: "நெட் இல்லாமலே இந்த வேலை நடக்குமா?" பணம் அனுப்புவதில் நடந்துவிட்டது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அறிமுகம் செய்த யு.பி.ஐ. 123பே, சாதாரண பட்டன் போனிலும் இயங்கும். பேசுமளவு சிக்னல் போதும்.

ஆகவே என் கணிப்பு: விண்ணப்பத்தை நெட் இல்லாமல் நிரப்பி, சிக்னல் கிடைத்ததும் தானே அனுப்பிக்கொள்ளும் சேவைகள்தான் இனி பரவும். டயல்-அப் காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் 'அவுட்பாக்ஸ்' செய்ததும் இதே வேலைதான்.

நீங்களும் சோதிக்கலாம். நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் சாப்ட்வேரைத் திறங்கள். எவ்வளவு வேலை நடக்கிறதோ, மலை ஊர்களுக்கு அது அவ்வளவு உதவும்.