தானே ஓடும் ஜெனரேட்டர்: காசு கொடுக்கும் முன் 3 சோதனைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து விவசாயிகளுக்கு இடையன்குளம் என்றதும் மூலிகை பெட்ரோல்தான் நினைவுக்கு வரும். 1996-ல் அந்த ஊர் ராமர் பிள்ளை, மூலிகையையும் தண்ணீரையும் காய்ச்சிக் கலக்கி எரிபொருள் எடுப்பதாகச் சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. விஞ்ஞானிகள் கவனித்துப் பார்த்ததில், கலக்கும் குச்சிக்குள்ளேயே எரிபொருள் அடைத்து, மெழுகால் மூடியிருந்தது தெரியவந்தது. பெட்ரோலிய ரசாயனக் கலவையை மூலிகை எரிபொருள் என்று விற்ற சி.பி.ஐ. வழக்கில், 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

இப்போது அதே ஆசை மின்சாரத்தில் வந்திருக்கிறது. பழைய டி.வி.யின் டிரான்ஸ்பார்மர், காயில், கெப்பாசிட்டர், ஒரு பேட்டரி. 'ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதும், தன் மின்சாரத்தில் தானே ஓடும், பம்ப்செட்டுக்கும் போதும்' என்பார்கள்.

வோல்ட் கூடும், சக்தி கூடாது

ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும். அதனால் குடம் சீக்கிரம் நிறைந்துவிடாது. டிரான்ஸ்பார்மரும் அப்படித்தான். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் கொடுத்தால் 120 வாட். அதை 12,000 வோல்ட்டாக உயர்த்தினால், கிடைக்கும் கரண்ட் அதிகபட்சம் 0.01 ஆம்பியர், அதுவும் 120 வாட்தான். காயில் சூடாவதில் ஒரு பங்கு வீணாகும். மிச்சத்தைத் திரும்ப பேட்டரிக்கே அனுப்பினாலும், எடுத்ததைவிடக் குறைவாகவே போய்ச்சேரும்.

தீர்ந்துபோன டார்ச் செல்லில்கூட எல்.இ.டி.யை எரியவைக்கும் சர்க்யூட் உண்மையிலேயே உண்டு. செல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசி மின்சாரத்தை, வோல்ட்டைக் கூட்டி அது உறிஞ்சுகிறது. புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை.

பல்பு எரிவது சாட்சி அல்ல

12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 1,200 வாட்-ஹவர் இருக்கும். அதில் 9 வாட் எல்.இ.டி. பல்பு கணக்குப்படி 5 நாட்களுக்கு மேல் எரியும். பார்ப்பவர்கள் மலைத்துப்போவார்கள். ஆனால், அதே பேட்டரியில் 5 ஹெச்.பி. மோட்டார் 20 நிமிடம்கூடத் தாங்காது.

ஆகவே, விற்க வருபவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்:

1. பெட்டியை முழுவதும் திறந்து காட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆனபிறகு பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.
2. அவர் கொண்டுவந்த பல்பு வேண்டாம். உங்கள் கிணற்று மோட்டார் ஓட வேண்டும்.
3. ஒரு வாரம் இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். அதுவரை அட்வான்ஸ் கிடையாது.

'பேட்டன்ட் வாங்கப்போகிறோம்' என்றால் மயங்க வேண்டாம். இயற்கை விதிக்கு வெளிப்படையாக முரணான கண்டுபிடிப்புக்கு, 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3-ம் பிரிவு இடம் தருவதில்லை.

உயிருக்கும் ஆபத்து

ஆர்வமுள்ள பிள்ளைகள் சர்க்யூட் செய்து பழகுவது நல்லதுதான், செல், எல்.இ.டி. அளவோடு இருக்கட்டும். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மர் சுமார் 2,000 வோல்ட் தரும். ஒருமுறை தொட்டாலே உயிர் போகலாம். சுவிட்சை அணைத்தபிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எந்த ஜெனரேட்டரையும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் இணைக்கக் கூடாது. கரண்ட் இல்லாத நேரத்தில் அது லைனில் ஏறினால், ஊர் டிரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலை செய்து 11,000 வோல்ட்டாக மாற்றிவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் கதி என்னவாகும்?

உண்மையில் ஓடுவது

எரிபொருள் செலவில்லாமல் பம்பு ஓட வேண்டுமானால், இன்றைக்கு வழி சூரியசக்திதான். பி.எம். குசும் திட்டத்தில் சோலார் பம்ப்செட்டுக்கு மத்திய அரசு 30, மாநில அரசு 30 சதவிகிதம் மானியம் தருகின்றன. மீதியை விவசாயி போட வேண்டும். உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் தற்போதைய மானிய விவரத்தைக் கேட்டுக்கொள்ளலாம். அங்கே மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் மறைப்பதில்லை. பேனலுக்கு மேலே கண்கூசத் தெரியும்.