சன்னலோரத் தொட்டியும் அரசர் தோட்டமும்

கைக்குள் அடங்கும் தொட்டியில், வெல்வெட் போன்ற இலைகளுக்கு நடுவே ஊதாப் பூக்கள் பூத்து நிற்கும் ஆப்பிரிக்க வயலட் உலகெங்கும் வீடுகளுக்குள் வளர்கிறது. பெயரில்தான் வயலட், ஐரோப்பாவின் உண்மையான வயலட் செடிக்கும் இதற்கும் குடும்பமே வேறு. இந்தச் சிறு செடியை வளர்ப்பது ஓர் ஆசை, பெரிய தாவரவியல் பூங்காக்களைச் சுற்றிப் பார்ப்பது வேறோர் ஆசை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பூங்காவைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவருக்கே தொட்டிச் செடி கைவரும். இந்தச் செடியின் வரலாறே அதற்குச் சான்று.

இன்றைய தான்சானியாவில் உள்ள உசம்பாரா மலைப்பகுதியில், 1892-இல் வால்டர் ஃபான் செயின்ட் பால் என்ற ஜெர்மானிய அதிகாரி இதைக் கண்டார். அவர் சேகரித்து அனுப்பியது அவருடைய தந்தை வழியாக ஹானோவர் நகரின் ஹெரன்ஹாவ்சன் அரசத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஹெர்மன் வெண்ட்லண்ட். அவருடைய தந்தையும் பாட்டனாரும் அதே தோட்டத்தில் பணிபுரிந்தவர்கள். மூன்று தலைமுறை அனுபவம் வாய்த்த அந்தத் தோட்டக்காரர் 1893-இல் அந்தச் செடியை முறைப்படி விவரித்து, ‘செயின்ட்பாலியா அயோனாந்தா’ என்று பெயரிட்டார். வெப்பநாட்டுச் செடிகளைக் காக்கும் கண்ணாடிக் கூடங்களும் அவற்றை வேறுபடுத்தி அறியும் கண்ணும் அங்கே இல்லாமல் போயிருந்தால், உசம்பாராவின் பாறையிடுக்குப் பூ நம் சன்னலுக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

வளர்ப்புக் குறிப்புகள் எல்லாமே அந்தப் பாறையிடுக்கிலிருந்து பிறந்தவைதான். காட்டில் இச்செடி மர நிழலில், பாசி படர்ந்த பாறைகளில், கையளவு இலைமட்கில் வேரூன்றுகிறது. அதனால் வீட்டிலும் இதற்கு நேர் வெயில் ஆகாது. கிழக்குச் சன்னலின் இளவெளிச்சம் போதும். வேருக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதால் களிமண் உதவாது. தென்னை நார்க் கழிவும் பெர்லைட்டும் கலந்த லேசான கலவையே ஏற்றது. தண்ணீர் தேங்கினால் செடியின் குருத்தே அழுகிவிடும். இலைமேல் குளிர்ந்த நீர் பட்டால் அந்த இடத்துத் திசுக்கள் செத்து வெளிறிய வளையங்கள் விழும். ஆகவே அறை வெப்பத்தில் உள்ள நீரைத் தட்டில் ஊற்றி, அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இந்த விதிகளை மனப்பாடம் செய்தவர் ஏதேனும் ஒன்றில் தவறிவிடலாம். கண்ணாடிக் கூடத்தின் ஈரக் காற்றில் நின்று, எந்தச் செடியை நிழலில் வைத்திருக்கிறார்கள், எதைப் பாறைமேல் ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்தவருக்கோ விதியின் காரணமே புரிந்துவிடும்.

ஓர் இலையைக் காம்போடு நட்டாலே புதுச் செடிகள் முளைக்கும். அவை தாய்ச்செடியின் நகல்கள். ஆனால் நகல்களும் எப்போதும் அச்சாக ஒத்திருப்பதில்லை. இதே ஹெரன்ஹாவ்சன் தோட்டத்தில்தான் 17-ஆம் நூற்றாண்டில் இளவரசி சோஃபியாவும் தத்துவ அறிஞர் லைப்னிட்சும் உலவினார்கள். முற்றிலும் ஒத்த இரண்டு இலைகள் உண்டா என்ற பேச்சு வந்து, உடனிருந்த ஒருவர் தோட்டமெல்லாம் தேடியும் கண்டுபிடிக்கவில்லை என்று லைப்னிட்ஸ் எழுதியிருக்கிறார். வயலட் வளர்ப்பவர்களின் அனுபவமும் இதற்கு ஒத்தே போகிறது. 1920-களில் லாஸ் ஏஞ்சலிஸின் ஆர்மகாஸ்ட் - ராய்ஸ்டன் நாற்றங்கால் ஐரோப்பிய விதைகளிலிருந்து முளைத்த செடிகளில் பத்தைத் தேர்ந்தெடுத்தது. அவற்றில் ஒன்றான ‘ப்ளூ பாய்’ இலை வழியே பெருக்கப்பட்டபோதும் இடையிடையே திடீர் மாற்றங்கள் தோன்றின. அடுக்குப் பூ வகை அப்படித்தான் வந்தது.

பெரிய தோட்டங்கள் அரசர்களின் ஆடம்பரம், காலனி ஆட்சியின் கொள்ளைப் பொருள் குவிந்த இடம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. உசம்பாரா மக்கள் பூவோடு தங்கள் மலையையும் அந்நிய ஆட்சியிடம் இழந்திருந்தார்கள். இதை மறைத்துத் தோட்டத்தைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் அரசருடையது என்றைக்கும் அரசருடையதாகவே இருக்க வேண்டியதில்லை. ஹானோவர் நகரம் 1936-இல் அந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்கியது. 1943 குண்டுவீச்சில் அரண்மனை எரிந்துபோன பிறகும் தோட்டத்தை மீட்டெடுத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பூங்காவில் இன்று பலரும் படம் எடுத்துவிட்டு ஓடிவிடுகிறார்களே என்ற குறைக்கு என் பதில்: அது பார்ப்பவரின் அவசரம், பூங்காவின் குற்றமன்று. நம் சமவெளி வெயிலில் இச்செடி தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. சுமார் 18 முதல் 24 டிகிரி வரையே இதற்கு உகந்தது. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற குளிர்ந்த ஊர்களில் எளிது, சென்னைக் கோடையில் மிகக் கடினம்.

அடுத்த முறை பூங்காவுக்குப் போகும்போது, ஒரே ஒரு செடியின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். பெயர்ப்பலகையில் அதன் பிறப்பிடத்தைப் படியுங்கள். அங்குள்ள தோட்டக்காரரிடம் எப்போது, எப்படித் தண்ணீர் விடுகிறார் என்று கேளுங்கள். பிறப்பிடத்தை அறிந்துகொள்வது ஏன் முக்கியம் என்பதற்கும் ஆப்பிரிக்க வயலட்டே சான்று: அதன் பிறப்பிடமான காடுகள் வேளாண்மைக்கும் மரத்துக்குமாக வெட்டப்பட்டு வந்திருக்கின்றன. கலப்பினங்கள் கடைகளில் குவிந்து கிடக்க, அவற்றின் காட்டு உறவுகளில் சில இன்று மிகச் சிறிய காட்டுத் துண்டுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.