நல்லாசிரியரைத் தேடி

ஒக்டோபர் மாதம் 6ஆம் திகதி இலங்கையிலே ஆசிரியர் தினம். அன்று வன்னிப் பெருநிலத்துப் பாடசாலைகளிலும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் ஆசிரியர்களை வரிசையாக நாற்காலிகளில் அமர்த்தி, வீட்டு முற்றத்துப் பூக்களாற் கட்டிய மாலையை அணிவித்துப் பாட்டும் பேச்சும் நிகழ்த்துவார்கள். பேனையொன்றும் வாழ்த்து மடலொன்றும் பரிசாகக் கிடைக்கும். அந்த மாலைக்கு நடுவர் குழு இல்லை; விண்ணப்பமும் இல்லை. வகுப்பிலே நாள்தோறும் எதிரில் இருந்து பார்த்தவர்களே அதைச் சூட்டுகிறார்கள்.

இதே காலத்தை ஒட்டிக் கொழும்பிலே வேறொரு விழா நடைபெறுவதுண்டு. நாட்டின் சிறந்த ஆசிரியர்களையும் அதிபர்களையும் தெரிந்தெடுத்துக் கல்வி அமைச்சு வழங்கும் விருதுக்குக் 'குரு பிரதீபா பிரபா' என்று பெயர். வன்னியிலிருந்தும் ஆசிரியர்கள் அந்த மேடைக்குச் சென்று வந்திருக்கிறார்கள். அவர்கள் ஊர் திரும்பும்போது பாடசாலை வாயிலிலே வரவேற்பு நடக்கும். ஊரே பெருமை கொள்ளும். அதிலே தவறேதுமில்லை. ஆயினும் அத்தகைய விழா ஒவ்வொன்றின் முடிவிலும் ஆசிரியர் ஓய்வறைகளில் ஒரு கேள்வி மெல்லிய குரலில் எழுவது வழக்கம். நல்லாசிரியர் இன்னார் என்பதை ஒரு விருது எவ்வாறு அறிந்துகொள்கிறது?

கேள்வி பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இலக்கணம் சொல்லப் புகுந்தபோதும், எழுத்துக்கும் சொல்லுக்கும் முன்னதாக ஆசிரியரின் இயல்பையே எடுத்துக்கொண்டார். நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாக்குகிறது. ஆசிரியனாகாதவனுக்கும் அங்கே உவமைகள் உண்டு. அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் வளவில் நீர் குடித்து வளர்ந்து, வேலிக்கு அப்பால் வளைந்து அயலவர் முற்றத்திலே காய் சொரியும் தென்னை அது. வன்னிக்கென்று நியமனம் பெற்றுக் கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்த மறுநாளே நகரப் பாடசாலைக்குப் பெயர்ந்துவிடும் சிலரைக் காணும்போது முனிவரின் உவமை நினைவுக்கு வராமற் போகாது. யாழ்ப்பாணத்திலே குடும்பத்தை விட்டு, விடியுமுன் பேருந்தேறிக் கிளிநொச்சிக்கும் அதற்கப்பாலும் நாள்தோறும் வந்து போகிறவர்களின் களைப்பை அறிந்தவர்கள், அந்த உவமையைச் சற்றுத் தயக்கத்துடனேயே சொல்வார்கள்.

நிற்க. முனிவர் இலக்கணம் வகுத்தாரேயன்றி, அவ்விலக்கணம் உடையவரை எங்கே சென்று காண்பது என்று கூறவில்லை. அக்காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை. மாணவனே ஆசிரியரைத் தேடிச் சென்றான். அரசும் மன்றமும் தேடத் தொடங்கியது நம் காலத்திலேதான். இந்திய அரசு ஆசிரியர்களுக்கான தேசிய விருதை 1958ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. நெடுங்காலமாக மாநில அரசுகள் பரிந்துரைத்து அனுப்பும் பெயர்களிலிருந்தே தெரிவு நடந்தது. மேலதிகாரியின் கண்ணிற் பட்டவருக்கு வழி திறந்தது, படாதவருக்குத் திறக்கவில்லை. 2018ஆம் ஆண்டில் அம்முறை மாறியது. ஆசிரியர் தாமே விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. முந்நூறுக்கு மேற்பட்டிருந்த விருதுகளின் தொகை அவ்வாண்டில் 45 ஆகக் குறைந்தது. அதிகாரியின் தயவை எதிர்பாராமல் விண்ணப்பிக்க முடிவது நல்ல மாற்றமே. ஆனால் தன் பணியைத் தானே எடுத்துரைக்கக் கூசும் ஆசிரியர் அங்கேயும் பின்தங்கிப் போவார். வகுப்பறையிலே வல்லவர் எல்லாரும் விண்ணப்பம் எழுதுவதிலும் வல்லவர் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

மூன்றாவது வழியொன்றை அமெரிக்காவின் சிக்காகோ நகரத்திலே காணலாம். 1985இல் மார்ட்டின் கோல்டைக் என்னும் முதலீட்டாளர் அங்கே 'தங்க அப்பிள்' என்ற பெயரில் ஒரு மன்றத்தை நிறுவினார். ஆசிரியரின் மேசையில் பிள்ளைகள் அப்பிள் பழம் கொண்டுவந்து வைப்பது அந்நாட்டு வழக்கம். நமது பூமாலையைப் போன்றது என்க. அடுத்த ஆண்டு முதல் அப்பெருநகரிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் சிறந்த ஆசிரியர்களைத் தெரிந்து இம்மன்றம் விருதளித்து வந்தது. பிற்காலத்தில் இலினோய் மாநிலம் முழுவதற்கும் அது விரிந்தது. மாணவரும் பெற்றோரும் உடனாசிரியரும் எவரையும் முன்மொழியலாம். முன்மொழியப்பட்டவர்களுள் இறுதிச் சுற்றுக்கு வருபவர்களின் பாடசாலைக்குத் தெரிவுக் குழுவினர் நேரில் செல்கிறார்கள். வகுப்பறையின் பின்வரிசையில் அமர்ந்து பாடத்தைக் கவனிக்கிறார்கள். அதிபரோடும் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் உரையாடுகிறார்கள். அதன் பின்னரே முடிவு.

பெற்றோர் கூற்றை மாத்திரம் நம்பினால், கண்டிப்பான ஆசிரியர் தோற்று, இனிக்கப் பேசுபவர் வெல்லக்கூடும். ஆகையாலேதான் நேரிற் சென்று பார்க்கும் ஏற்பாடு. கோவை ஒன்றை நிரப்பிவிடலாம். நாற்பது நிமிடப் பாடத்தில் பிள்ளைகளின் முகத்தை நடிக்கச் செய்வது எளிதன்று. கேள்வி கேட்டதும் எழும் கைகளையும், பிழையான விடை சொன்ன பிள்ளையை ஆசிரியர் நோக்கும் நோக்கையும் பின்வரிசையில் இருப்பவர் கண்டுகொள்வார்.

விருது பெற்றோருக்கு நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் சம்பளத்துடன் பயிலும் விடுமுறை கிடைக்கிறது. விருதைத் திடீரென வகுப்பறைக்குள் நுழைந்து அறிவிப்பதும், படப்பிடிப்புக் கருவிகளைக் கூடவே அழைத்துச் செல்வதும் அமெரிக்கருக்கே உரிய ஆரவாரம். அதை நாம் கடன்வாங்க வேண்டியதில்லை. ஆனால் தொடக்க காலத்தில் விருது பெற்றவர்கள் செய்த காரியம் ஒன்று வன்னிவாசிகளின் கவனத்துக்கு உரியது. தங்களைப் பாராட்டியதோடு மன்றம் நின்றுவிடலாகாது, அடுத்த தலைமுறை ஆசிரியரையும் தேட வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அதன் பயனாக 1980களின் இறுதியில் ஒரு புலமைப்பரிசில் திட்டம் எழுந்தது. ஆசிரியராக விரும்பும் இளைஞருக்குப் படிப்புச் செலவில் உதவியும், கோடை விடுமுறைகளிற் பயிற்சியும், அனுபவம் முதிர்ந்த ஆசிரியரின் வழித்துணையும் அளிக்கப்படுகின்றன. பதிலுக்கு அவர்கள் வசதி குறைந்த பாடசாலைகளில் ஐந்தாண்டு கற்பிக்க உடன்பட வேண்டும். நமது கஷ்டப் பிரதேசச் சேவையை ஒத்ததே இதுவும். வேறுபாடு யாதெனில், அங்கே அது விரும்பி ஏற்ற கடமையாகவும், முன்கூட்டியே பழக்கப்பட்ட கடமையாகவும் இருக்கிறது.

இனி, நேரிற் சென்று காணும் முறை வன்னிக்கு ஏன் பிறவிடங்களை விட மிகுதியாக வேண்டியிருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

இப்பெருநிலத்திலே ஒரு பாடசாலையின் பெயர் வெளியே தெரிவது பெரும்பாலும் பரீட்சைப் பெறுபேற்றினால். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர் என்பதே ஊரின் கணக்கு. ஒட்டுசுட்டானுக்கோ நெடுங்கேணிக்கோ அப்பால் காட்டோரத்தில் ஐந்தாந்தரம் வரை மாத்திரம் உள்ள சிறு பாடசாலை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஒன்பது பிள்ளைகள் ஒரு வகுப்பு. ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளை ஏககாலத்தில் நடத்துகிறார். நெல்லறுவடைக் காலத்திலும் கச்சான் பிடுங்கும் காலத்திலும் பிள்ளைகளின் வரவு குறையும். யானை வந்து போன காலையில் ஒருவரும் வரமாட்டார்கள். அந்த ஒன்பது பேரும் ஆண்டு முடிவிலே பிழையின்றி வாசிக்கிறார்கள், ஆனால் ஒருவரும் வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை என்று கொள்வோம். அறிக்கையில் அந்தப் பாடசாலைக்கு நேரே பூச்சியம் நிற்கும். நகரப் பாடசாலையின் சாதனை பொய்யென்பதன்று. அங்கே வீட்டின் கவனமும் மாலை வகுப்பும் ஆசிரியரின் உழைப்போடு சேர்ந்தே புள்ளியாகின்றன. முதலாந் தரத்தில் ஒரு பிள்ளைக்கு 'அ' என்ற எழுத்தைக் கைபிடித்து எழுதுவித்த ஆசிரியையின் பலனும் நான்கு ஆண்டுகளின் பின் வேறொருவர் பெயரிலேயே வெளிவரும்.

1966இன் பாரிஸ் மாநாட்டிலே யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் ஏற்றுக்கொண்ட ஆசிரியர் தகுதிநிலை பற்றிய விதந்துரை, ஆசிரியரின் திறமையை மதிப்பிட்டு அதன்படி சம்பளம் நிர்ணயிக்கும் முறை எதையும் ஆசிரியர் சங்கங்களின் சம்மதமின்றி நடைமுறைப்படுத்தலாகாது என்கிறது. உலக ஆசிரியர் தினம் ஒக்டோபர் 5இல் அமைந்தது அந்த விதந்துரையின் நினைவாகவே. அளவுகோல் பிழைத்தால் நேரும் அநீதியை அதை வரைந்தவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

வன்னிக்கு இன்னுமொரு காரணம் உண்டு. கோவையும் சான்றிதழும் கேட்கும் விருதுக்குக் கோவையும் சான்றிதழும் வேண்டும். 2008ஆம் ஆண்டிலே பூநகரி, முழங்காவில், அக்கராயன், மல்லாவிப் பகுதிகளின் மக்கள் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் அவர்களோடு கிழக்கு நோக்கிப் பெயர்ந்தன. தருமபுரத்திலும் விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் மரநிழலிலும் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. 2009 ஜனவரியில் கிளிநொச்சி நகரம் வெறுமையாயிற்று. மே மாதத்தில் போர் முடிந்தது. வரவு இடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் பாடக்குறிப்பும் பாராட்டுப் பத்திரமும் பாதையோரங்களிலே கைவிடப்பட்டன. பிள்ளையைத் தூக்குவதா, புத்தகப் பெட்டியைத் தூக்குவதா என்ற நிலையில் ஆசிரியர்கள் எதைத் தூக்கியிருப்பார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

பின்னர் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்கள். இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று அறிஞரின் பெயர்களை அம்முகாம்களுக்கு இட்டிருந்தார்கள். உறவினரை இழந்தவர்களும், தாமே நீருக்கும் உணவுக்கும் வரிசையில் நின்றவர்களுமான ஆசிரியர்கள் அங்கே வகுப்பெடுத்தார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே அம்முகாம்களிலிருந்து பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கும் தோற்றினர். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. அங்கே கற்பித்த ஆசிரியர்களுள் எவரேனும் இன்று ஒரு விருதுக்கு விண்ணப்பிப்பாராயின், சேவைக்காலத்தின் மிகக் கடினமான அந்த ஆண்டுகளுக்கு எதிரே எந்தச் சான்றை இணைப்பார்? கூடாரத்திலே நடந்த பாடத்துக்குப் புகைப்படம் எடுத்து வைத்தவர் எவருமிலர்.

ஆகவே இங்கே விருது வழங்க விரும்பும் வலயமோ மாகாணமோ மன்றமோ காகிதத்தை மாத்திரம் நம்பியிருத்தல் இயலாது. அதற்கு வேண்டிய கால்களும் ஏற்கெனவே உள்ளன. ஆசிரிய ஆலோசகர்கள் பாடசாலைகளுக்குச் சென்றுகொண்டுதான் இருக்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே பெற்றோர் கூடுகிறார்கள். வலயத்துக்கு மூவரையோ நால்வரையோ அவர்கள் வாய்மொழியாகவே முன்மொழியவும், வேற்று வலயத்து அதிபர் இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் ஒரு காலைப் பொழுது அவ்வகுப்பறைகளில் அமரவும் ஒழுங்கு செய்வது அத்தனை செலவான காரியமன்று. மாரி மழையிலே பாலம் மேவி வீதி மறிபடும் ஊர்களுக்கு மாசி பங்குனியில் போகலாம். உறவும் அறிமுகமும் குறுக்கிடும் என்பார்கள். ஆகையாலேதான் பார்ப்பவர் வேற்று வலயத்தவராயிருத்தல் வேண்டும் என்பது.

2009இல் மெனிக் பாமிலே ஐந்தாந்தரத்தில் இருந்த பிள்ளைகள் இன்று இருபத்தைந்து வயதை எட்டியவர்கள். பூந்தோட்டத்திலுள்ள வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களிலே பயிற்சி முடித்து நியமனம் பெறும் வயதினர். அந்த ஆண்டில் உனக்குக் கற்பித்தவர் யார் என்று அவர்களைக் கேட்டால் பெயரையும் ஊரையும் தயங்காமற் சொல்வார்கள். அந்தப் பெயர்களை எழுதிக்கொள்ள ஒருவர் கொப்பியும் பேனையுமாகப் போனாற் போதும். அவ்வாசிரியர்களிற் சிலர் இன்னும் ஓய்வு பெறவில்லை.