கணிப்பொறிச் சேர்க்கையுரிமை

ஒரு நிறுவனத்தின் கணிப்பொறிகள் யாவும் ஓராணைக்கு அடங்கி நிற்கும் அமைப்பினை 'டொமைன்' என்ப. விண்டோஸ் 2000 முதலாக, அதற்குரிய பேரேடு 'ஆக்டிவ் டைரக்டரி' எனும் பெயர்த்து. அதனை மாற்றாது விடுவோமாயின், கணக்குடையார் எவரும் தலைக்குப் 10 கணிப்பொறிகளைத் தாமே அதிற் சேர்த்துவிடலாம். இஃது அறியாதார் பலர்.

இதனால் விளையுங் கேடு யாதெனின், 2021ஆம் ஆண்டில் வெளிப்பட்ட குறையொன்று அதனைக் காட்டிற்று: எளிய பயனர் ஒருவர் இங்ஙனம் பொய்க்கணிப்பொறி யொன்றைப் பதிந்து, அதன் பெயரைத் தலைமைச் சர்வரின் பெயரைப்போல் மாற்றி, அமைப்பு முழுவதற்கும் அதிகாரியாகிவிடக் கூடுமாயிருந்தது. மைக்ரோசாப்டார் அவ்வாண்டு நவம்பரிலேயே திருத்தம் வெளியிட்டனர்.

எனினும் திருத்தம் ஒன்றே சாலாது. அப்பத்தினைச் சுழியாக்கி, சேர்க்கும் உரிமையைக் குறித்த ஒரு குழுவினர்க்கு, குறித்த பிரிவளவில் மட்டும் அளித்தல் வேண்டும். உள்ளே வருவோரை வினவும் நாம், பேரேட்டிற் பெயரெழுதுவார் யாரென்றும் வினவல் வேண்டுமன்றோ?